பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

டைட்டஸ்வில், பென்சில்வேனியா
மார்ச் 12, புதன்கிழமை

அன்பு மகள் நாடீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு வலது முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம், உன் அப்பாவுக்கு வாய் உட்பட எல்லாமே நலம். நீயும் மாப்பிள்ளை வெண்டலும் குட்டி ஜோசியும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜோசியின் முன்பல் விழுந்ததா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று எழுது. இறைச்சி தொடாத தபசுகாலம் தொடங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையத்தில் மீன் பொரிக்கிற வேலை உன் அப்பாவுக்கு. போன வெள்ளி முந்நூறு தட்டு போனதாம், பியரோகிக் கொழுக்கட்டை மாலை ஐந்தரைக்கே தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து சட்டையை நாற்காலியில் போட்டார், இன்றுவரை அந்த நாற்காலி மீன் நாற்றம் அடிக்கிறது. நம் பழைய கதவு ஜன்னல் கடையில் வியாபாரம் பரவாயில்லை. அந்தக் காலத்து எண்ணெய்க்கிணறு முதலாளி ஒருவரின் வீட்டை இடிக்கிறார்கள், அதில் பதினோரு கதவும் இரண்டு கணப்புச் சட்டமும் பிடித்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கதவுகளில் ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய், போன ஞாயிறும் அதுதான் நடந்தது. காகிதத்தில் கத்தினால் எனக்கே கேட்காது. மே மாதக் கடைசிக்குள் நீங்கள் இப்போது வாடகைக்கு இருக்கிற மாடியைக் காலி செய்ய வேண்டும், நியூ ஜெர்சி டனெல்லனில் நீ வாங்க நினைக்கிற வீட்டின் சொந்தக்காரர் டிமேயோவுக்குத் திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும், என்னுடைய நாற்பதாயிரம் டாலர் வந்தால்தான் உன்னால் சரி என்று சொல்ல முடியும். இதெல்லாம் தெரிந்துதான் நான் என் பிடியை இறுக்கினேன். கடையின் மேல் கிடங்கை விற்ற பணம் உனக்குத்தான், ஆனால் பென்சில்வேனியாவில் வீடு வாங்கினால் மட்டும் என்று நிபந்தனை போட்டேன். ஈஸ்டனில் நானே ஒரு வீட்டையும் பிடித்து வைத்தேன். அது இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், உன் டனெல்லன் வீடு நான்கு லட்சத்து நாற்பதாயிரம். ஈஸ்டனில் வருஷ வீட்டு வரி ஐந்தாயிரம் சொச்சம், நியூ ஜெர்சிக்காரன் பதினோராயிரம் பிடுங்குகிறான். ஆற்றுக்கு இந்தக் கரையில் மூன்றில் இரண்டு பங்கு விலை கொடுத்தால் இன்னும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும்போது அந்தக் கரையில் போய் யார் வாங்குவார்கள் என்பது என் வாதம். ஞாயிறுவரை நான் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வாதமும் இருந்தது, அது உனக்கே தெரியும், நியூ ஜெர்சியில் துப்பாக்கியைச் சும்மா கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். உன் இருபத்தொரு வயதில் நான் வாங்கிக் கொடுத்த கைத்துப்பாக்கியைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனாய். அதையும் எப்படிக் கொண்டுவந்தாய், தோட்டாவைக் கழற்றி, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்து, சட்டப்படி. எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தொண்ணூற்று நான்கில் ஏலத்துக்குப் போகிற வழியில் ஒருவன் என் வேனை மறித்துக் கையில் இருந்ததை எல்லாம் பறித்த நாளிலிருந்து துப்பாக்கி இல்லாமல் நான் எங்கும் போனதில்லை, என் மகளும் போகக்கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் “ஒரு பொம்பள தன்னைக் காப்பாத்திக்கக் கூடாதுன்னு சொல்ற ஊர்ல உனக்கு என்னடி வீடு” என்று கத்தினேன். அதற்கு நீ கத்தவில்லை. “அம்மா, நீ ஒரு துப்பாக்கி வைக்க எடம் பாக்குற, நான் ஜோசி தூங்க எடம் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அன்று பூராவும் கடையில் வந்தவர்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஆனால் நான் கண்ணால் பார்க்காமல் ஒரு சாமானையும் வாங்கினதில்லை, பார்க்காமல் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. அதனால் திங்கட்கிழமை காலை வேனை எடுத்தேன். உன் அப்பாவிடம் ஸ்க்ரான்டனில் ஏலம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “ஏண்டி பெர்னி, ஏலத்துக்குப் போறவ எதுக்கு நல்ல கோட்டு போட்டுக்கிட்டுப் போற” என்று கேட்டார். நான் வேனைக் கிளப்பிவிட்டேன். ஈஸ்டனில் ஒரு விடுதியில் படுத்து, செவ்வாய் விடியற்காலை ஐந்து இருபதுக்கு வண்டியை எடுத்தேன். ஏழு மணி மருத்துவமனை வேலைக்கு நீ ஈஸ்டன் வீட்டிலிருந்து கிளம்பினால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டுமோ அந்த நேரத்துக்கு. எழுபத்தெட்டாம் நம்பர் சாலையில் மாநில எல்லையான டெலவேர் ஆற்றுப் பாலம் ஏறும்போது வாய் வறண்டது, புதினா மிட்டாய் எடுக்கலாம் என்று டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து கையை விட்டேன். கைக்கு மிட்டாய் கிடைக்கவில்லை, துப்பாக்கி கிடைத்தது. முப்பது வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது, டார்ச் லைட்டுக்கும் காகிதக் கைக்குட்டைக்கும் நடுவில், அது அங்கே இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. நம் ஊரில் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, அதுதான் வினை. என் பென்சில்வேனியா துப்பாக்கி லைசென்ஸ் அந்தப் பாலத்தின் நடுவிலே செத்துப்போகிறது நாடீன். அந்தப் பக்கம் இறங்கினால் நான் அறுபத்திரண்டு வயது வியாபாரி இல்லை, தோட்டா போட்ட துப்பாக்கியோடு வந்த குற்றவாளி. பிடித்தால் அபராதத்தோடு விடுகிற காரியம் இல்லை, ஜெயில். பெட்டியை மூடினேன். முதலில் வருகிற வழியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், பின்னால் லாரி, பக்கத்தில் லாரி, அந்த வழியும் போய்விட்டது. அதற்கப்புறம் என் வாழ்க்கையில் முதல்முறையாக வேக எல்லையை ஒரு மைல்கூடத் தாண்டாமல் ஓட்டினேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் ஹாரன் அடித்த அடியில் என் காது அடைத்துவிட்டது.

கிளிண்டன் ஊரைத் தாண்டியதும் பின்பக்க டயர் வெடித்தது. ஓரமாக நிறுத்தி ஜாக்கியைப் போட்டு ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தேன், கும்மிருட்டு, நட்டு இருக்கிற இடம் தெரியவில்லை. டார்ச் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எடுக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழல ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. என் முழங்கால் வலி அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. இறங்கி வந்தவன் சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது. நம்பர் பலகையைப் பார்த்தான், வேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “டார்ச் ஏதும் வெச்சிருக்கீங்களாம்மா வண்டில?” என்று கேட்டான். “இல்லப்பா” என்றேன். உன்னை வளர்க்கும்போது பொய் சொன்னால் வாயில் சோப்பு போடுவேன் என்று மிரட்டிய அதே வாயால்தான் சொன்னேன். “இவ்ளோ பழைய வண்டிய எடுத்துக்கிட்டு, இருட்டுல, கையில ஒரு வெளக்குகூட இல்லாம வர்றீங்க. எங்கம்மாவும் உங்கள மாதிரிதான், சொன்னா கேக்க மாட்டாங்க. தள்ளுங்க, நான் மாட்டுறேன்” என்றான். நீ டார்ச்சை மட்டும் பிடிப்பா, டயர் நான் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துவிட்டு, பின்னால் வருகிற லாரிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டே, நான் ஐந்து நட்டையும் முடுக்குகிற வரைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நாலடிதான் இருக்கும். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்து, “மொதல்ல ஒரு டார்ச் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வெய்ங்கம்மா, வேற எதுவும் வேணாம்” என்று சொன்னான். வைக்கிறேன்பா என்றேன். நல்ல பிள்ளை, அவன் அம்மாவை எனக்குத் தெரிந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

அதற்குமேல் ஒரு விபத்து நெரிசல், அதற்குமேல் ஒரு மண் லாரி. டயர் மாற்றிய நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உன் மருத்துவமனை வாசலுக்கு ஒன்றரை மணி நேரம். ஐந்து இருபதுக்குக் கிளம்பினால் ஏழுக்குள் பிடிக்கலாம், ஆனால் மழையும் பனியும் மானும் இல்லாத நாளில். வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போக வர மூன்று மணி, வாரம் மூன்று நாள், வருஷத்துக்குப் பத்தொன்பது நாள், இரவும் பகலுமாக முழுசாகப் பத்தொன்பது நாள் நீ அந்தச் சாலையில் உட்கார்ந்திருப்பாய். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு அப்படி ஓட்டிக்கொண்டு வருவாய். போன பிப்ரவரியில் இப்போது போகிற இரண்டு மைல் தூரத்திலேயே சிக்னலில் கண்ணசந்து முன்னால் நின்ற காரை முட்டினாயே, அதை நான் விலை பேசும்போது சேர்க்கவே இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டு மொத்தம் என்று உன்னிடம் நீட்டியிருக்கிறேன். கடையில் வேலை செய்கிறவர்கள் அப்படிச் செய்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா.

உன்னைப் பார்க்காமலே வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெட்டியோடு உன் வீட்டு வாசலில், ஜோசி ஓடி வந்து ஏறுகிற வேனில், வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிடிபடுகிறதாக இருந்தால் போகும்போதும் ஒன்றுதான் வரும்போதும் ஒன்றுதான், அவ்வளவு தூரம் வந்துவிட்டு உன் டனெல்லன் வீட்டைப் பார்க்காமல் திரும்ப முடியவில்லை. உன் அம்மா என்று சொல்லாமல், பழைய கதவு ஜன்னல் வாங்குகிறவள் என்று மட்டும் சொல்லி டிமேயோவின் கதவைத் தட்டினேன். அது பொய் இல்லை. மனிதர் காபி கொடுத்து உட்கார வைத்து, அரை மணி நேரம் உன்னைப் பற்றியே புலம்பினார். “ஒரு நர்சு பொண்ணு வந்துச்சுங்க. வீடு பாக்க வர்றவங்க சமையல் ரூமு பாப்பாங்க, குளிக்கிற ரூமு பாப்பாங்க. இது வந்ததும் வராததுமா கோட்டக் கழட்டி வெச்சுட்டு மாடிப்படிக்கு அடியில பூந்துருச்சு. அப்புறம் பையில இருந்து ஒரு கோலிக்குண்ட எடுத்து ஹால்ல உருட்டி விடுது. அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு, ‘சார், உங்க வீடு கெழக்கால அரை இஞ்சு எறங்கியிருக்கு’ங்குது. நாப்பது வருசமா நான் இந்த வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதும்மா!” என்றார். கோலிக்குண்டு என்றதும் எனக்குக் காபி புரையேறியது. நீ ஒன்பது வயதில் என்னோடு வீடு பார்க்க வரும்போது உன் கையில் கொடுத்த அந்த நீலக் குண்டுதானே? இன்னும் வைத்திருக்கிறாயா? அதற்கப்புறம் புகைபோக்கி செங்கல் உதிர்கிறது என்று சொல்லி அதைக் கட்டித் தரச் செய்தாயாம், விலையில் ஒன்பதாயிரமும் குறைத்தாயாம். “பாக்க பூ மாதிரி இருக்குது, பேரம்னு வந்தா இரும்பு. யாரு வளத்தாங்களோ தெரியல” என்றார். நான் காபியைக் குடித்தேன். நாற்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு லாபம் நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று. மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க நீ மூன்று தடவை, மூன்று வேறு நேரத்தில் போய் வந்தாயாம், பதினொன்று, பதினான்கு, பன்னிரண்டு நிமிஷம் என்று அவர் வீட்டுக் காலண்டரிலேயே எழுதினாயாம். இவ்வளவு விலை கொடுக்க ஏன் தயாராக இருக்கிறாய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் சீப்பாகக் கிடைக்குமே என்று அவரே கேட்டாராம். மனிதர் நேர்மையானவர், வியாபாரி இல்லை. அதற்கு நீ “எம் பொண்ணு எட்டு மணிக்குத் தூங்குவா சார். நான் ஏழே முக்காலுக்கு அங்க இருக்கணும், அவ்வளவுதான்” என்றாயாம். ஜோசி தூங்கப் போகுமுன் கிடைக்கிற அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மலிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறவளிடம் நான் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் டோல் கொடுத்துவிட்டு இந்தக் கரையில் இறங்கி, முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்திச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் படம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் வகுப்பில் குடும்பத்தை வரையச் சொன்னார்கள். அப்பாவை வரைந்தாய், நாயை வரைந்தாய், எனக்குப் பதிலாக என் வேனை வரைந்தாய், முன்விளக்கு இரண்டும் எரிகிற மாதிரி. நான் அதற்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் என் மகள் வண்டியை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாள் பாருங்கள் என்று இருபத்தாறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்ததும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கழற்றவில்லை. நான் அப்படி ஓடாமல் இருந்திருந்தால் உன் படிப்புக்குப் பணம் வந்திருக்காது, அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஜோசி வரைகிற படத்தில் நீ இருக்க வேண்டும்.

அதனால் நிபந்தனையை எடுத்துவிட்டேன். நாற்பதாயிரமும் உன் கணக்குக்கு இன்று மதியமே போய்விட்டது, இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும், அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வெண்டலிடம் சொல்லியிருப்பாய். அது கடன் இல்லை, பரிசும் இல்லை, உன்னுடையது, முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது. எதில் போட வேண்டும் என்பது உன் முடிவு. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் கடிதம் கிடைத்ததுமே டிமேயோவிடம் பேசி முடி, மனம் மாறுகிறவர் மாதிரி தெரியவில்லை, ஆனாலும் முடி. ஒரே ஒரு இடத்தில் நீ கோட்டை விட்டிருக்கிறாய். கொல்லைப்புறத்தில் வேலியோரம் புல் ஒரு வட்டத்துக்கு மட்டும் வேறு நிறமாக இருக்கிறது, பக்கத்தில் மண்ணிலிருந்து ஒரு இரும்புக் குழாய் மூடி எட்டிப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் வீடு சூடாக்க எண்ணெய்த் தொட்டியைப் புதைத்து வைப்பார்கள், அது ஓட்டையாகி மண்ணில் இறங்கியிருந்தால் தோண்டி எடுக்கிற செலவு உன்னுடைய தலையில் விழும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆளைக் கூட்டிவந்து சோதித்துவிடு, இருந்தால் எடுத்துக் கொடுக்கிற செலவு அவருடையது என்று எழுதி வாங்கு. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கே தெரியாது.

துப்பாக்கி விஷயத்தில் நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. பெண் ஒருத்தி தனியாகச் சாலையில் போகும்போது கையில் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து, சாகும்வரை அதுதான். உன் கருத்து வேறு, நீ தினமும் மருத்துவமனையில் என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ஆனால் நான் மறந்துபோய் எடுத்துக்கொண்டு போன அதே பாலத்தை நீ ஒவ்வொரு பூட்டாகப் பார்த்துத் தாண்டி வந்தாய், அந்த விஷயத்தில் நீதான் என்னைவிட ஒழுங்கு. உன் அப்பா உனக்கென்று வைத்திருக்கிற மான் வேட்டைத் துப்பாக்கி நம் மேரியன்வில் வேட்டைக் குடிலிலேயே அலமாரியில் இருக்கட்டும். அதை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோக துப்பாக்கி அட்டை வாங்கு, விரல்ரேகை கொடு என்று அலைய வேண்டாம். நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, மான் வேட்டை தொடங்கும்போது, நீ இங்கே வந்தால் அது உன் கைக்கு வரும். பதினாலு வயதில் எட்டுக் கிளைக் கொம்போடு மான் ஒன்றை ஒரே குண்டில் வீழ்த்தினாயே, அதைச் சொல்லாமல் உன் அப்பா இன்னமும் ஒரு வெள்ளிக்கிழமைகூட மீன் பொரிப்பதில்லை. நேற்று இரவு நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், டயர், போலீஸ்காரப் பையன், எல்லாம். நெடுநேரம் சிரித்துவிட்டு, “அடியே, அந்தப் பையன் டார்ச்சப் புடிச்சானே, அவனுக்கு ஒரு தட்டு மீன் அனுப்பணும்டி” என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நம்ம பொண்ணு நம்மள மிஞ்சிட்டா பெர்னி” என்றார். நான் தட்டைக் கழுவினேன். நான் சொல்ல நினைத்ததை அவர் முந்திக்கொண்டால் எனக்குப் பிடிக்காது.

கதவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. டிமேயோ எப்போதோ பழைய வாசல் கதவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகரக் கதவு ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அவர் காபி போடப் போனபோது நிலையைச் சாணால் அளந்தேன். இங்கே கிடக்கிற பதினொன்றில் ஒன்று, ஓக் மரம், மேலே அலைஅலையாகப் பழைய கண்ணாடி, அந்த நிலைக்கு அப்படியே பொருந்தும், கீல் மட்டும் மாற்ற வேண்டும். அதை வேனில் ஏற்றிக்கொண்டு, நீங்கள் குடிபோகிற வாரம் நானும் அப்பாவும் வருகிறோம். என் துப்பாக்கி வீட்டிலேயே, உன்னுடையது இருக்கிற டிராயரிலேயே, அதன் பக்கத்தில் இருக்கும். முப்பது வருஷத்தில் முதல்முறை. ஈஸ்டனில் அந்தப் பாலம் ஏறும்போது எனக்குக் கை கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும், பரவாயில்லை, கதவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற கவலை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

நீயும் வெண்டலும் ஜோசியும் அந்த வீட்டில் நோய் நொடி இல்லாமல், கூரை ஒழுகாமல், அடித்தளத்தில் தண்ணீர் ஏறாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன் கைபட்ட வியாபாரம் எல்லாம் இந்த ஒன்றைப் போலவே உனக்கு ஏற்றதாக அமைய வேண்டும். எண்ணெய்த் தொட்டியை மறக்காதே. வேலைக்குப் போகிற நாளில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, காபி சாப்பாடு இல்லை. பாலத்தைப் பற்றி நான் எழுதியிருக்கிற இரண்டு பக்கத்தையும் படித்ததும் கிழித்து எறிந்துவிடு, மீதியை வைத்துக்கொள்.

உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்படுகிற,
அம்மா
பெர்னடீன்

பின்குறிப்பு: டேஷ்போர்டு பெட்டியை இன்று காலையில் துடைத்துச் சுத்தம் செய்தேன். இப்போது அதில் டார்ச்சும், புதினா மிட்டாயும், ஜோசி வந்து தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு சிவப்புக் கோலிக்குண்டும் இருக்கின்றன.